கொல்லுப்பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியப்பா செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறார். நான் அம்பத்தூரில் இருக்கிறேன். சென்னையில் இருந்து அவருக்குப் போகும் வேலைகளை வாங்கிக் கொடுப்பதும், முடிந்ததும் கொண்டு வந்து சேர்ப்பதும் என் பொறுப்பு. இளநீர் விற்பவர், மாடித்தோட்டம் போடுபவர், கொத்தனார், புதிதாகக் கல்யாணமாகி அரிவாள்மணை தேடுபவர் என்று யார் வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் பாதி பெரியப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை.

1. கொல்லர்னா வெல்டிங் கடைக்காரர்தானே? ரெண்டு பேரும் இரும்புலதானே வேலை செய்றாங்க?

வேலை வேறு. வெல்டிங் கடையில் ஆலையில் இருந்து வந்த கம்பியையும் தகட்டையும் அளவுக்கு வெட்டி ஒட்டுகிறார்கள். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அவர்கள் வேலை. கொல்லர் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, அதன் உருவத்தையே மாற்றுகிறார். தடித்த பட்டையை நீட்டுவார், மெலிய வைப்பார், வளைப்பார், துளை போடுவார். அதற்கு மேல், வெட்டும் வாய் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், முதுகு எவ்வளவு இளகலாக இருக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இதற்குத்தான். 7ஆம் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒட்டும் வேலையும் கொல்லருக்குத் தெரியும். இரண்டு துண்டையும் வெள்ளையாகத் தகிக்கும்வரை காய்ச்சி, வெங்காரம் (போராக்ஸ்) தூவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடித்தால் ஒரே துண்டாகிவிடும். மேலே படியும் இரும்புச் செதிலை வெங்காரம் கரைத்து வெளியே தள்ளிவிடும். மின்சார வெல்டிங் வருவதற்கு முன்னால் ஊரில் இப்படித்தான் இரும்பை ஒட்டினார்கள்.

2. சென்னையில இன்னும் கொல்லருக்கு வேலை இருக்கா சார்?

இருக்கிறது, ஆள் மாறியிருக்கிறது. இன்று அதிகம் வருவது கட்டட வேலைக்காரர்கள். கடப்பாரை முனை மழுங்கினால் காய்ச்சி அடித்துக் கூராக்க வேண்டும், உளியும் அப்படித்தான். அடுத்து இளநீர் கடைக்காரர்களின் அரிவாள். காசிமேட்டிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் மீன் வெட்டுபவர்களின் கத்தி. மாமல்லபுரம் பக்கம் கருங்கல்லில் வேலை செய்யும் சிற்பிகளின் இரும்பு உளி சீக்கிரமே மழுங்கிவிடும் என்பதால், சிற்பக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு உலை தேவைப்படுவது வழக்கம். பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் போனால் மண்வெட்டியும் களைக்கொத்தும் கதிர் அரிவாளும் இன்னும் வருகின்றன.

சாலையோரம் தார்ப்பாய் விரித்து, சின்ன உலை வைத்து, கணவன் கொறடு பிடிக்க மனைவி சம்மட்டி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வட மாநிலங்களில் இருந்து ஊர் ஊராக வரும் குடும்பங்கள் அவர்கள். உள்ளூர்ப் பட்டறைகளுக்குப் போட்டி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். வெயிலில் நின்று சம்மட்டி தூக்கும் அந்தப் பெண்களின் உழைப்பை மதிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

3. முன்னாடி ஊர்ல கொல்லர் என்னதான் செஞ்சார்?

ஏர் ஓடிய காலத்தில் அவர் இல்லாமல் விவசாயம் இல்லை. கலப்பையின் நுனியில் மாட்டும் கொழு மண்ணில் உரசித் தேயும். உழவுக் காலத்தில் அதை அடிக்கடி காய்ச்சி அடித்து நீட்டிக் கொடுக்க வேண்டும். கதிர் அரிவாளுக்கு அறுப்புக்கு முன்னால் பல் வெட்ட வேண்டும். கிணற்று வாளிக்குக் கொக்கி, கதவுக்கு நாதாங்கி, வண்டிக்குக் கடையாணி, மாட்டுக்கு லாடம் எல்லாமே அவரிடம் இருந்துதான் வரும்.

பார்க்கவே அழகான வேலை என்றால் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவது. மரச்சக்கரத்தைத் தச்சர் செய்து கொடுப்பார். அதன் சுற்றளவை விடச் சற்றே சிறியதாக இரும்பு வளையத்தைக் கொல்லர் அடித்து வைத்திருப்பார். வெட்டவெளியில் வறட்டியும் விறகும் வட்டமாக அடுக்கி, வளையத்தை அதில் கிடத்தி எரிப்பார்கள். சூட்டில் வளையம் விரிந்ததும் நான்கு பேர் நாலா பக்கமும் பிடித்துத் தூக்கி, சக்கரத்தின் மேல் இறக்கித் தட்டி உட்கார வைத்து, உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் எல்லாம் நெறிபட்டு இறுகும். ஆணியே வேண்டாம் எனும் அளவுக்குப் பிடிப்பு. வளையம் கொஞ்சம் பெரிதாகிவிட்டால் கழன்றுவிடும், ரொம்பச் சிறிதானால் சக்கரம் நொறுங்கும். அந்த அளவைக் கணக்கிட்ட கை இப்போது டயர் வண்டியும் டிராக்டரும் வந்தபின் வேலையில்லாமல் இருக்கிறது.

4. பட்டறைய ஏன் இவ்ளோ இருட்டா வெச்சிருக்கீங்க? ஒரு லைட் போடக் கூடாதா?

வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறோம். சூட்டை அளக்கக் கொல்லருக்கு இருக்கும் கருவி கண். காய்ந்த இரும்பு முதலில் மங்கிய சிவப்பாகத் தெரியும், அது ஏறக்குறைய 600 டிகிரிக்கு மேல். நல்ல சிவப்பு என்றால் 750, 800. ஆரஞ்சு 950 வாக்கில், மஞ்சள் 1,100 வாக்கில். ஒட்டுவதற்குச் சொன்னேனே, அந்த வெண்சூடு 1,300ஐ நெருங்கும். அதற்கு மேல் போனால் மத்தாப்பு மாதிரி பொறி கிளம்பும். அப்போது இரும்பே எரிகிறது, அந்தத் துண்டு வீண்.

வெயிலிலோ டியூப் லைட் வெளிச்சத்திலோ பார்த்தால், சரியான சிவப்பில் இருக்கும் இரும்பு கறுப்பாகவே தெரியும். இன்னும் காயவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சுவீர்கள். நிழல் அதற்காகத்தான். கறுத்துப்போன இரும்பைத் தெரியாமல் தொட்டுவிடாதீர்கள். நிறம் மறைந்தபின்னும் 400 டிகிரி இருக்கலாம்.

5. எந்தக் கரி போடுவாங்க? அடுப்புக்கரி போதுமா?

மரக்கரி போதும். தமிழ்நாட்டில் இன்று சுலபமாகக் கிடைப்பது சீமைக்கருவேலக் கரி, ராமநாதபுரம் பக்கம் நிறையச் சுடுகிறார்கள். நிலக்கரியும் பயன்படுத்துகிறார்கள், சூடு அதிகம் நிற்கும். ஆனால் அதில் கந்தகம் இருக்கும், அது இரும்பில் ஏறினால் சூட்டில் அடிக்கும்போது வெடிப்பு விழும். அதனால் மெல்லிய வாய் உள்ள கத்திக்குப் பெரியப்பா மரக்கரியையே விரும்புவார். காற்றுக்கு முன்பு தோல் துருத்தி இருந்தது, இப்போது மின்சார புளோயர். கரி எதுவாக இருந்தாலும் காற்று இல்லாமல் இந்தச் சூடு வராது.

6. லாரி பட்டைலதான் அரிவாள் செய்வாங்கன்னு சொல்றாங்களே, ஏன்?

லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்த பட்டைகள் இருக்குமே, பாரத்தைத் தாங்கி எழும்புபவை. அந்த எஃகில் கரிச்சத்து 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். கட்டடத்துக்கும் கிரில்லுக்கும் போகும் சாதாரண இரும்பில் 0.25 சதவீதம்கூட இருக்காது. கரிச்சத்து போதுமான அளவு இருந்தால்தான் தோய்ச்சலில், அதாவது காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கும்போது, கெட்டிப்படும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக அடித்தாலும் வாய் மடங்கிவிடும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிறார்களே, அங்கே இந்தப் பட்டை எடைக்குக் கிடைக்கும்.

நடுவில் போல்ட் துளை உள்ள இடத்தையும், பல வருடம் ஓடி நெளிந்த பட்டையையும் வாங்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும், தோய்ச்சல் போடும்போது ‘டிக்’ என்று பிளந்துவிடும்.

7. கடைசியில தண்ணில முக்குறாங்களே, சூட்டைத் தணிக்கத்தானே?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பட்டறையின் உயிரே இதில்தான் இருக்கிறது. நல்ல சிவப்புக்கு வந்த எஃகுக்குள் கரிச்சத்து இரும்போடு கரைந்து கலந்திருக்கும். மெதுவாக ஆற விட்டால் கரி பிரிந்து தனியே போய்விடும், எஃகு இளகலாகும். சட்டென்று தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் கரிக்குப் பிரிந்து போக நேரமில்லை, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடியால் எஃகு மிகக் கெட்டியாகிவிடும். இதைத்தான் தோய்ச்சல் என்கிறோம். எந்தச் சூட்டில் தோய்ப்பது என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: 770 டிகிரியில் இரும்பின் காந்தத் தன்மை போய்விடும். காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் காய்ச்சித் தோய்த்தால் சரியாக இருக்கும். பெரியப்பாவுக்குக் காந்தம் தேவைப்படுவதில்லை, நிறமே போதும்.

ஆனால் அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். அதனால் மறுபடியும் லேசாகச் சூடு காட்ட வேண்டும். வழக்கமான கை வேலை இது: வாய்ப்பக்கத்தை மட்டும் தோய்ப்பார், முதுகில் சூடு மிச்சம் இருக்கும். வெளியே எடுத்து வாயைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிக் காத்திருப்பார். முதுகின் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும்போது நிறம் ஓடிவரும். வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கெட்டி அதிகம், சின்னக் கத்திக்கு ஏற்றது. ஊதா, நீலம் வரை விட்டால் அடி தாங்கும், கோடாலிக்கும் உளிக்கும் ஏற்றது. வேண்டிய நிறம் வாய்க்கு வந்த நொடியில் முழுவதையும் தண்ணீரில் போட்டு நிறுத்திவிடுவார். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையில் எழுபது எண்பது டிகிரிதான் வித்தியாசம். அந்தச் சில நொடிகளில் பெரியப்பாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: லாரி பட்டையை முழுதாகக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். அதனால் வாயை மட்டும் தோய்ப்பது, அல்லது எண்ணெயில் தோய்ப்பது.

8. வாங்கும்போது நல்ல அரிவாள்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பளபளப்பைப் பார்க்காதீர்கள். புது அரத்தை எடுத்து வாயோரம் லேசாக ஓட்டிப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் அறுத்துக்கொண்டு போனால் தோய்ச்சல் இல்லை. வழுக்கிக்கொண்டு கொஞ்சமாகப் பிடித்தால் நல்லது. முதுகில் ஓட்டினால் சுலபமாகப் பிடிக்க வேண்டும். பிடியின் பக்கத்தில் வெல்டிங் தடயம் இருந்தால், அடித்து நீட்டாமல் துண்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், வேகமாக ஓங்கி வெட்டும் அரிவாளுக்கு அது ஆகாது. மரப்பிடியில் பூண் இறுக்கமாக இருக்கிறதா என்றும் ஆட்டிப் பாருங்கள்.

9. திருப்பாச்சேத்தி அரிவாள்தான் பெஸ்ட்டாமே, உங்க பெரியப்பா அதைச் செய்வாரா?

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அரிவாள் என்பது வேலைக்கும் மண்ணுக்கும் தக்கபடி மாறும். நெல் அறுப்பதற்குப் பல் வைத்த மெல்லிய அரிவாள், கருவேல முள் வெட்டக் கனமான வெட்டரிவாள், தென்னை ஏறுபவருக்குப் பாளை அரிவாள், இளநீர் சீவ நுனியில் கனம் வைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்வதை விட, என்ன வெட்டப் போகிறீர்கள், எந்தக் கையால், நின்றா உட்கார்ந்தா என்று சொன்னால் பெரியப்பாவுக்கு வேலை சுலபம்.

10. அரிவாள்மணைல வாழைக்காய், வாழைப்பூ நறுக்கினா கறுத்துப் போகுதே, இரும்பு கெட்டதா?

கெட்டது இல்லை. அவற்றில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, அதைச் செய்யுங்கள். புது அரிவாள்மணையில் இந்தக் கறுப்பு அதிகம், புழங்கப் புழங்கக் குறையும். கழுவியதும் துணியால் துடைத்து ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வையுங்கள். கடல் காற்று அடிக்கும் திருவான்மியூர், ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது கட்டாயம், ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும்.

11. தெருவுல வர்ற ஆள்கிட்ட மிஷின்ல சாணை பிடிச்சேன். அதுக்கப்புறம் கூரே நிக்கல. ஏன்?

வேகமாகச் சுற்றும் சாணையில் அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாய் நொடியில் சூடேறும். நீலம் பூத்ததைப் பார்த்தீர்களா? 7ஆம் கேள்வியில் சொன்ன அதே நீலம். கத்திக்கு மஞ்சளில் நிறுத்திய பதம் அங்கே தாண்டிப்போய், வாய் இளகிவிட்டது. அந்த நீலப் பகுதி தேயும்வரை தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டினால் பழைய வாய் திரும்பக் கிடைக்கும். ஆழமாகப் போயிருந்தால் பட்டறைக்குக் கொடுங்கள், மறுபடி தோய்த்துக் கொள்ளலாம். சாணை பிடிப்பவரிடம், விட்டு விட்டுப் பிடியுங்கள், தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் கேட்பார்கள்.

12. இரும்பை அடிக்காம நடுநடுவுல வெறும் பட்டடையைத் தட்டுறாரே, எதுக்கு?

பட்டடை என்பது இரும்பை வைத்து அடிக்கும் கனமான இரும்புக் கட்டை. பெரியவர் கையில் இருப்பது சின்னச் சுத்தியல், எதிரில் நிற்பவர் கையில் சம்மட்டி. சின்னச் சுத்தியல் எங்கே விழுகிறதோ அடுத்த சம்மட்டி அடி அங்கே விழ வேண்டும். பட்டடையில் தட்டும் ஒலி தாளம் தவறாமல் பார்த்துக்கொள்கிறது, நிறுத்து என்பதற்கும் ஒரு தட்டு உண்டு. இரும்பைத் திருப்பவும் கண்ணால் அளக்கவும் அந்த இடைவெளி பயன்படும். பேச நேரமில்லாத வேலை அது, ஒரு சூட்டில் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை.

13. ஒரு கடப்பாரை முனை அடிக்க இவ்ளோ காசா? அந்தக் காலத்துல சும்மா செஞ்சாங்களாமே?

சும்மா செய்யவில்லை. வருடம் முழுவதும் ஊர்க் குடியானவர்களின் கருவிகளைப் பார்த்துக்கொள்வதற்கு அறுவடையின்போது களத்திலேயே கொல்லருக்கு நெல் அளந்தார்கள். இந்தப் பங்குக்கு மேரை என்று பெயர். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமை ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர் ஊழியர்களுக்கு விளைச்சலில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பது அந்தக் கணக்குகளில் இருக்கிறது. இன்றைய நம் புறநகர்கள் பல அன்று அந்தச் சீமைக்குள் இருந்த ஊர்கள்.

இன்று நெல்லும் இல்லை, மேரையும் இல்லை. கரிக்கும் மின்சாரத்துக்கும் சம்மட்டி அடிப்பவருக்கும் கொல்லர் கையில் இருந்து கொடுக்கிறார். கடையில் அரிசியைச் சொன்ன விலைக்கு வாங்குபவர்கள் இவரிடம் மட்டும் பேரம் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

14. அரிவாள் செய்யச் சொன்னா பேரு, ஃபோன் நம்பர் எல்லாம் கேக்குறீங்க. எங்களைச் சந்தேகப்படுறீங்களா?

இல்லை. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல் துறை பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தல் கொடுத்தது: வாங்குபவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், எதற்காக வாங்குகிறார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும், விவசாயத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் மட்டுமே விற்க வேண்டும். பதிவேடு இருந்தால்தான் நாங்கள் நிம்மதியாக வேலை செய்ய முடியும். விவரம் சொல்லத் தயங்குபவருக்குப் பெரியப்பா செய்து தருவதில்லை. நீளமான வீச்சரிவாள் ‘சும்மா மாட்டி வைக்க’ என்று கேட்டாலும் கிடையாது.

15. வீட்ல பழைய தண்ணிக் குழாயும் முறுக்குக் கம்பியும் கிடக்கு. அதுல ஏதாவது அடிச்சுத் தருவாரா?

குழாய் வேண்டாம். அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். உலையில் போட்டால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர் காய்ச்சல் வந்துவிடும். இரு பக்கமும் மூடிய குழாய், ஷாக் அப்சார்பர் போன்றவை சூட்டில் வெடிக்கும், அவற்றைப் பட்டறைக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். முறுக்குக் கம்பியில் கரிச்சத்து குறைவு, கத்திக்கு ஆகாது. கொக்கி, ஆணி, செடித் தொட்டி தாங்கி செய்யலாம். பழைய அரம், மண்வெட்டி, தேய்ந்த கோடாலி இருந்தால் கொடுங்கள், தாராளமாகப் பயன்படும்.

16. தமிழ்நாட்டுல 5000 வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கினாங்கன்னு செய்தி வந்துச்சே, உண்மையா?

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கையில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று சொல்லப்பட்டது. அதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்று காலம் கணித்திருந்தார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் உலைகளும் எஃகு செய்த தடயங்களும் கிடைத்திருக்கின்றன. அறிஞர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கும், நடக்கட்டும்.

சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வரலாம். அலெக்சாண்டர் ரீ 1899இல் தொடங்கி ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த இரும்புப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. துரு தின்றது போக மிச்சம் இருக்கும் அந்த வாள்களின் வடிவத்தைக் கவனித்துப் பாருங்கள், அடித்து நீட்டியவர் கை தெரியும்.

17. எனக்குக் கத்துக்க ஆசை. மொட்டை மாடில சின்ன உலை போட்டுப் பழகலாமா?

அடுக்குமாடிக் குடியிருப்பில் வேண்டாம். பொறி பறக்கும், சத்தம் தெருவுக்கே கேட்கும், சூடான துண்டு விழுந்தால் சிமெண்ட் தரை வெடித்துச் சிதறும். புறநகரில் மண் தரை உள்ள காலி இடம் இருந்தால், பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம். பருத்தி உடை, மூடிய செருப்பு, கண்ணாடி அவசியம். நைலான் சட்டை உருகித் தோலில் ஒட்டும். முதலில் கத்தி செய்யாதீர்கள். கொக்கி, ஆணி, கொறடு என்று போங்கள். கூர் இல்லாத பொருளில்தான் சுத்தியல் கை பழகும்.

தொழிலாகவே எடுப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் சலுகை. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். பட்டறைக்கு வந்து பார்க்க விரும்புபவர்கள் காலை வேளையில் வாருங்கள், மதியத்துக்குமேல் உலைக்கு முன் நிற்க முடியாது. ஆயுத பூஜை அன்று மட்டும் வேலை கிடையாது, பட்டடைக்குச் சந்தனம் வைத்து உலையை அணைத்திருப்பார்கள்.